நம்மைப் பேசவைக்கும் பேசாப் படங்கள்

தமிழ் சினிமா வசனத்துக்கு ஒரு ஊர் சொல்லச் சொன்னால் வடபழனியைத்தான் சொல்ல வேண்டும். காரைக்குடியில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோ 1948இல் ஆற்காடு சாலைக்கு வந்தது. கூப்பிடு தூரத்தில் வாகினி ஸ்டுடியோ. அந்த ஏவி.எம். தளத்தில் எடுக்கப்பட்டு 1952 தீபாவளிக்கு வெளியான ‘பராசக்தி’யின் வசனம் இசைத்தட்டாக விற்றது, சிறு புத்தகமாக விற்றது, மூர் மார்க்கெட் பக்கம் அதை ஒப்பித்துக் காட்டிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். கூண்டில் நின்று ஒருவன் வாதாடுவதைக் கேட்டே ஒரு தலைமுறை அரசியல் பேசப் பழகியது. சொல்லால் ஒருவர் மனத்தை மாற்றலாம் என்ற அந்த நம்பிக்கை இன்றும் வடபழனி, சாலிகிராமம் டப்பிங் கூடங்களில் உயிரோடு இருக்கிறது. அந்த மரபின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால், மனத்தை மாற்ற இன்னொரு வழி இருப்பதையும், அதை நாம் ஏறெடுத்தும் பார்க்காமல் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். வசனமே இல்லாத அனிமேஷன் குறும்படங்கள் போகும் வழி அது. ஐந்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ ஓடும் அந்தப் படங்கள், தாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லாமல் நம்மிடம் விட்டுவிடுகின்றன. மனத்துக்குள் அந்த வாக்கியத்தை நாமே முடிக்கிறோம். அடுத்தவர் சொன்னதை மறுத்துப் பேச ஆயிரம் காரணம் கிடைக்கும். தானே சொல்லிக்கொண்டதை யாரும் அவ்வளவு எளிதில் மறுப்பதில்லை.

இதற்குச் சான்று 1944இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியன் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு சின்ன அனிமேஷன் படம் செய்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவு வைத்த ஒரு செவ்வகம். படத்தில் இருப்பது இவ்வளவுதான். கண்ணும் வாயும் கிடையாது, சத்தமும் கிடையாது. பார்த்ததை எழுதச் சொன்னபோது 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம் இப்படி நகர்ந்தது, வட்டம் அப்படித் திரும்பியது என்று எழுதினார். மற்ற எல்லோருக்கும் அங்கே உயிர்கள் தெரிந்தன. பெரிய முக்கோணம் அடாவடிக்காரன் ஆனது, வட்டம் பயந்து ஒளிந்தது, சிறிய முக்கோணம் அதற்காகச் சண்டைக்கு நின்றது. யாரும் அவர்களுக்குக் கதை சொல்லவில்லை. கதையைச் செய்துகொண்டவர்கள் அவர்களே. நாற்பது ஆண்டு கழித்து, 1986இல், ஜான் லாசெட்டர் ‘லக்ஸோ ஜூனியர்’ என்ற இரண்டு நிமிடப் படத்தை எடுத்தார். இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து. கணினி வரைகலை மாநாட்டில் படம் திரையிடப்பட்ட பிறகு ஜிம் பிளின் என்ற வரைகலை அறிஞர் ஒரு கேள்வியோடு வந்தார். நிழல் விழும் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் எண்ணியிருக்க, அவர் கேட்டதோ வேறு: பெரிய விளக்கு அப்பாவா, அம்மாவா? தொழில்நுட்பத்திலேயே ஊறிய ஒருவரையும் இரண்டு நிமிடத்தில் குடும்பக் கதைக்குள் இழுத்துவிட முடிந்திருக்கிறது.

நம் மண்ணுக்கு அருகிலேயே இதைவிடச் செழுமையான உதாரணம் இருக்கிறது. கீதாஞ்சலி ராவ் மூன்று ஆண்டு உழைத்துக் கையாலேயே வரைந்து முடித்த ‘பிரின்டட் ரெயின்போ’ 2006இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் விருது பெற்றது. பதினைந்து நிமிடப் படம், ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மும்பையின் அடுக்ககம் ஒன்றில் ஒரு மூதாட்டியும் அவருடைய பூனையும். அவர் சேர்த்து வைத்திருப்பது தீப்பெட்டிகள். சாம்பல் நிறத்தில் கழியும் அவருடைய நாளில் வண்ணம் ஏறுவது அந்த அட்டைப் படங்களுக்குள் அவர் போகும்போதுதான். இந்தியத் தீப்பெட்டிகளில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் செய்யப்படுபவை என்பதால், அந்த மூதாட்டி இளைப்பாறப் போகும் உலகத்தில் நம் அச்சகங்களின் வண்ணமும் கலந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். முதியோர் தனிமை பற்றி நாம் எவ்வளவோ கட்டுரை எழுதிவிட்டோம், பட்டிமன்றம் நடத்திவிட்டோம். ‘பெற்றோரைத் தனியே விடாதீர்கள்’ என்று கேட்டதும் நமக்குள் ஒரு வழக்கறிஞர் எழுந்துவிடுவார்: வேலை அப்படி, வீடு சிறியது, மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். இந்தப் படம் யாரையும் எதையும் கேட்கவில்லை. அந்த அம்மாளின் ஒரு நாள் எவ்வளவு நீளமானது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். குற்றச்சாட்டே இல்லாதபோது அந்த வழக்கறிஞருக்கு வேலை இல்லை. கதைக்குள் ஆழ்ந்து போகிறவர்களிடம் எதிர்வாதம் குறைகிறது என்று மெலனி கிரீன், திமோத்தி பிராக் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தானே யோசித்து நிரப்பிய சொல், படித்த சொல்லைவிட நினைவில் நன்றாகத் தங்குகிறது என்பதை 1978இலேயே ஸ்லமெக்காவும் கிராஃபும் சோதித்துக் காட்டினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பேசாப் படத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றை ஒவ்வொரு முறை தியேட்டருக்குப் போகும்போதும் பார்க்கிறோம். புகையிலைக்கு எதிரான விளம்பரங்களைப் படத்துக்கு முன்னும் இடைவேளையிலும் போட்டாக வேண்டும் என்ற விதி 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்த நகரத்துக்கு என்ன ஆனது என்று கவலையோடு கேட்கும் குரலை வடபழனி கமலா தியேட்டரில் படம் பார்த்தவர்கள் முதல் ஊர்ப்புறத் தியேட்டர் ரசிகர்கள் வரை மனப்பாடமாக அறிவார்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால், அந்தக் குரல் என்ன ஆனது? கூட்டமே சேர்ந்து ஒப்பித்துச் சிரிக்கும் சங்கதியாகிவிட்டது. தெலுங்கில் அந்த வரியையே தலைப்பாக வைத்து 2018இல் ‘ஈ நகரானிக்கி ஏமைந்தி’ என்ற நகைச்சுவைப் படமே வந்தது. அந்த விளம்பரங்கள் யாரையும் திருத்தவில்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றில் எது கேலிக்கு ஆளாயிற்று, எது ஆகவில்லை என்று கவனிக்கச் சொல்கிறேன். நுரையீரலைப் பஞ்சாகக் காட்டி, அதைக் கை ஒன்று பிழியப் பிழியக் கறுப்புத் தார் கண்ணாடிக் குடுவையில் வழிவதை ஒரு விளம்பரம் காட்டியதே, அந்தக் காட்சியை யாரும் கேலி செய்யவில்லை. அதன்மேல் ஓடிய குரல்தான் கேலிக்கு ஆளானது. குரலைத் திருப்பிச் சொல்லிக் கிண்டல் செய்ய முடியும். வழியும் தாரை என்ன செய்ய முடியும்? அந்தச் சில நொடிகளை மௌனமாக ஓட விட்டிருந்தால் அரங்கில் எவ்வளவு அமைதி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பேசாப் படம்தான் வேண்டுமென்றால் நடிகர்களை வைத்தே எடுக்கலாமே, அனிமேஷன் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் கமல்ஹாசனை வைத்து எடுத்த ‘பேசும் படம்’ முழுநீளமும் வசனமின்றி ஓடி வென்றது. தன்னிடம் இருக்கும் சொற்பக் காசைக் காட்டிப் பெருமையடிக்கும் வேலையில்லாப் பட்டதாரிக்குப் பதிலடியாக, பிச்சைக்காரர் தன் பணத்தைக் காட்டும் காட்சியை யாரால் மறக்க முடியும்? ஆனால் அங்கே நாம் பார்ப்பது கமல்ஹாசனை. அவருடைய முகம், அவருக்கென்று நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் அன்பு, அவருடைய முந்தைய படங்கள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. வரைந்த உருவத்துக்கு அந்த முன்கதை கிடையாது. சாதி, ஊர், வயது என்று நாம் உடனே எடைபோட்டுவிடும் அடையாளங்களை ஓவியர் விரும்பினால் கழற்றி வைத்துவிடலாம். சிலி நாட்டின் கேப்ரியல் ஒஸோரியோ எடுத்த ‘பேர் ஸ்டோரி’ 2016இல் ஆஸ்கர் வென்றது. ஒரு கரடி, தான் செய்த இயந்திரப் பொம்மைப் பெட்டியைத் தெருவில் காட்டுகிறது. அதைக் குடும்பத்திடமிருந்து பிரித்து சர்க்கஸ்காரர்கள் இழுத்துப் போன கதைதான் பெட்டிக்குள். பினோசே ஆட்சியில் சிறைப்பட்டு நாட்டைவிட்டுப் போக நேர்ந்த தன் தாத்தாவை நினைத்து ஒஸோரியோ செய்த படம் இது. சிலியின் வரலாறு தெரியாத ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர், இதைப் பார்த்தால் அந்தக் கரடியின் இடத்தில் யாரை வைத்துப் பார்ப்பார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனித முகம் போட்டிருந்தால் அது சிலிக்காரரின் கதையாக நின்றிருக்கும்.

சுரேஷ் எரியத்தின் ‘டோக்ரி’யும் இந்த வரிசையில் வருகிறது. களிமண் பொம்மைகளைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்துச் சேர்த்த படம். பல ஆண்டு உழைப்பு. 2017ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றது. அப்பா பொத்திப் பாதுகாத்த கடிகாரத்தைச் சிறுமி உடைத்துவிடுகிறாள். அதைச் சரிசெய்யக் கூடை விற்கக் கிளம்புகிறாள். வடபழனி சிக்னலில், நூறடி சாலையும் ஆற்காடு சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், கார்க் கண்ணாடியைத் தட்டும் விற்பனைப் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். பார்க்கிறோம் என்பதைவிட, கையசைத்து விலக்குகிறோம் என்பதே சரி. அந்தக் கையசைப்புக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு இருந்தது, ஒரு காலை இருந்தது, அங்கே ஏதோ ஒன்று நடந்தது என்ற எண்ணம் சிக்னலில் நிற்கும் தொண்ணூறு நொடியில் வருவதில்லை. களிமண் பொம்மை அந்த முன்பக்கத்தைக் காட்டிவிடுகிறது.

‘வசனம் இல்லை என்கிறீர்கள், ஆனால் வசனத்தின் வேலையை வயலின் செய்கிறதே’ என்பார்கள். இந்த ஆட்சேபம் பாதிக்குமேல் சரி. சோக இசையை அள்ளிக் கொட்டி அழவைக்கும் பேசாப் படங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. அவை மௌனத்தின் பெயரால் நடக்கும் பிரசங்கங்கள். இவற்றை நல்ல படத்திலிருந்து பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு: சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மைக்கேல் டூடாக் டெ விட் எடுத்து 2001இல் ஆஸ்கர் வென்ற ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ எட்டு நிமிடப் படம். தந்தை படகேறிப் போகிறார்; மகள் சைக்கிளில் அந்தக் கரைக்கு வருகிறாள், சிறுமியாக, தோழிகளோடு, கணவனோடு, குழந்தைகளோடு, கடைசியில் தள்ளாத கிழவியாக. முகங்கள் ஏறக்குறையத் தெரிவதே இல்லை. கடைசி முறை அவள் சைக்கிளை நிறுத்துகிறாள். அது சாய்ந்து விழுகிறது. எடுத்து நிறுத்துகிறாள், மறுபடி விழுகிறது. அப்புறம் அப்படியே விட்டுவிட்டு நடக்கிறாள். இசை இல்லாமல் பார்த்தாலும் அந்தச் சைக்கிள் விழுவது நெஞ்சில் தைக்கும். ஒரு வாழ்நாள் முழுக்க ஒழுங்காக நிறுத்திவைத்த ஒருத்தி இன்று நிறுத்தாமல் போகிறாள் என்றால் அவள் திரும்பி வரப்போவதில்லை என்ற முடிவுக்கு வந்தது நாம். இசை அதைச் சொல்லித் தரவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. எதிர்வாதத்தைத் தூங்கவைத்துவிட்டு உள்ளே நுழையும் கலை ஆபத்தானது இல்லையா? வசனத்தில் பொய் சொன்னால் அதை எடுத்துக்காட்டிப் பொய் என்று நிறுவலாம். படத்தில் வந்த பொய்யை எந்த வரியில் பிடிப்பது? இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வெறுப்பைப் பரப்ப விரும்புகிறவருக்கும் இதே கருவி உதவும். அதனால்தான் எல்லையை வரையறுத்துக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவு, வாக்களிக்கும் தேதி, சட்டத்தின் விதி, நிதிநிலை அறிக்கையின் எண்கள், இவை சொல்லாலும் எண்ணாலும் சொல்லப்பட வேண்டியவை. அங்கே மௌனம் ஏமாற்று வேலை. ஏற்கெனவே அறிந்திருந்தும் பார்க்க மறுக்கிற ஒன்றைப் பார்க்கவைப்பதுதான் பேசாப் படத்தின் இடம். இன்னொன்று: அதிகாரத்துக்கு இந்தக் கலை அவ்வளவு வசதியாகவும் இருந்ததில்லை. செக்கோஸ்லோவாகியாவின் யிர்ஷி டிர்ன்கா 1965இல் ‘தி ஹேண்ட்’ எடுத்தார். தன் ரோஜாச் செடிக்காகப் பூந்தொட்டி வனைந்துகொண்டிருக்கும் ஒரு பொம்மைக் கலைஞனிடம் ஒரு பிரமாண்டமான கை வந்து, தொட்டி வேண்டாம், என் சிலையைச் செய் என்று வற்புறுத்துகிறது. கட்சிப் பெயர் இல்லை, தலைவர் பெயர் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. ஆனால் டிர்ன்கா இறந்த சில மாதங்களில் படத்தின் பிரதிகள் பறிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் பூட்டிவைக்கப்பட்டன. அந்தக் கை யாருடையது என்று தணிக்கை அதிகாரிகளுக்கும் புரிந்திருந்தது. வாக்கியத்தை முடிக்கும் உரிமையைப் பார்வையாளரிடம் விடுவதால், ஏவுகிறவர் நினைத்த இடத்தில் அது முடியும் என்று எந்த ஆட்சியும் நம்பியிருக்க முடியாது.

பேசாப் படம் உலகத்துக்கே பொதுமொழி என்று அதன் ரசிகர்கள் சொல்வதை மட்டும் நான் ஏற்பதில்லை. டோமீ ஷி எடுத்த ‘பாவ்’ (2018) ஒரு சீனக் குடியேற்றக் குடும்பத்துத் தாயைப் பற்றியது. அவள் செய்த கொழுக்கட்டை ஒன்று உயிர்பெற்று மகனாக வளர்கிறது. வளர்ந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பப் பார்க்கிறது. தாய் அதை வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள். ஆசியக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் அந்த இடத்தில் அழுதார்கள். மேற்கத்தியப் பார்வையாளர்களில் பலர் என்ன நடந்தது என்றே புரியாமல் விழித்தார்கள், சிலர் சிரித்தார்கள். ஊட்டி வளர்த்தவளின் அன்பு பிள்ளையையே விழுங்கும் அளவுக்குப் போகும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். ஆக, மௌனமும் ஒரு பண்பாட்டில்தான் வேர்விட்டிருக்கிறது. வெளிநாட்டுப் பேசாப் படங்களை இறக்குமதி செய்துகொண்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்: நம் தாயின் கைமணமும் நம் தெருவின் வெயிலும் தெரிந்தவர்கள் நம் மௌனத்தை வரைய வேண்டும்.

வரையத் தெரிந்தவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? ஏவி.எம். தயாரித்த ‘ராஜா சின்ன ரோஜா’வில் 1989இலேயே ரஜினிகாந்த் வரைபட விலங்குகளோடு ஆடினார். சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000இல் ‘பாண்டவாஸ்’ என்ற முழுநீள முப்பரிமாண அனிமேஷன் படத்தை முடித்து தேசிய விருது வாங்கியது. இன்று நம் இளைஞர்கள் ஹாலிவுட் படங்களின் வெடிப்புக்கும் வெள்ளத்துக்கும் இரவு பகலாகக் கணினி முன் உழைக்கிறார்கள். தங்கள் பெயரில் ஐந்து நிமிடப் படம் செய்ய அவர்களுக்கு வழியும் இல்லை, அதைத் திரையிட இடமும் இல்லை. கருவி இன்று பெரிய தடை இல்லை. 2025இல் ஆஸ்கர் வென்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’, முழுநீளத்துக்கும் ஒரு வசனம் இன்றி, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்யப்பட்டது. தமிழ் ரசிகருக்கு வசனம் இல்லாமல் ஆகாது என்ற பேச்சும் நிற்காது. இந்த ஊர்ப் பிள்ளைகள் டாம் அண்ட் ஜெர்ரியை எந்த டப்பிங்கும் இல்லாமல் புரிந்துகொண்டு வளர்ந்தவர்கள்.

வேண்டியது இடம். ஒருகாலத்தில் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களைத் தியேட்டர்கள் கட்டாயம் போட்டாக வேண்டியிருந்தது. அந்த நிறுவனமே 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தக் கட்டாயம் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழக அரசு ஆண்டுக்குப் பத்துப் பேசாக் குறும்படங்களுக்குப் பணம் கொடுக்கலாம். தரமணித் திரைப்படக் கல்லூரி மாணவர்களிடமும் வடபழனி, சாலிகிராமம் வரைகலைக் கலைஞர்களிடமும் கொடுக்கலாம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவர், இரட்டைக் குவளை, தனியே சாப்பிடும் முதியவர், குடித்துவிட்டு வரும் அப்பாவின் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை: சொல்லிச் சொல்லிச் சொல்லே தேய்ந்துபோன இவைதான் அந்தப் படங்களின் பொருளாக வேண்டும். தியேட்டர்கள் தாமாகவே முதன்மைப் படத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும். நார்மன் மெக்லாரனின் ‘நெய்பர்ஸ்’ (1952), ஒரு பூவுக்காக அடித்துக்கொண்டு சாகும் இரு அண்டை வீட்டாரை வைத்துப் போரின் அபத்தத்தைச் சொல் இல்லாமலே நிறுவிவிட்ட படம். அப்படியும் கடைசியில் அண்டை வீட்டாரை நேசி என்று பல மொழிகளில் எழுதிக் காட்டியது. மெக்லாரன் போன்ற மேதையின் படத்தில் ஆக வலுக்குறைந்த இடம் அதுதான். நம் படங்கள் முடியும்போது வாசகமும் வேண்டாம், துறையின் முத்திரையும் வேண்டாம், அமைச்சரின் சிரித்த முகமும் வேண்டாம்.